திங்கட்கிழமை வாடை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய்க் கதை கேட்டால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது எனக்கே நடந்தது. பட்டப்பகலில், பூட்டிக் கிடந்த ஒரு நூலகத்துக்குள் நடந்தது.

என் பெயர் லோஜினி. தெரணியகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். சப்ரகமுவ மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருக்கிறேன். மாணவர்களிடம் கருத்துக் கேட்டு, குறைகளைச் சரிசெய்வது என் பொறுப்பு. வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு முகங்கள் போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. வெளியே போகிறவர்கள் ஒன்றை அழுத்துவார்கள். 'டிங்' என்று சத்தம் வரும். பச்சை என்றால் திருப்தி. சிவப்பு என்றால் எனக்குத் திட்டு விழும்.

சென்ற ஆண்டு சிவப்பு ஏறிக்கொண்டே போனது. எல்லோரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள். மேல்மாடி மூலையில் தனியாகக் கிடக்கும் மேசைப் பக்கம் ஏதோ கெட்ட வாடை. எலி செத்திருக்கும் என்று புத்தக ராக்கைகளை எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். எலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பினாயில் ஊற்றிக் கழுவினோம். வாடை போகவில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வாடை திங்கட்கிழமைகளில்தான் வரும்; செவ்வாயும் கொஞ்சம் நிற்கும், பிறகு இருக்காது.

அது என்ன வாடை என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இடத்தில் காய்ந்து ஒட்டிக்கொள்வது. அதை உரித்துச் சேர்க்கிறவர்களின் உடுப்பில் ஏறினால் லேசில் போகாது. என் அப்பாவின் சட்டையில் அந்த வாடையை முகர்ந்துதான் வளர்ந்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எல்லோரும் என்னை முகர்ந்து பார்ப்பார்களே என்று வெட்கம்.

நூலகர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு குழு பார்வையிட வருகிறது, அதற்குள் வாடை போகாவிட்டால் என் ஒப்பந்தம் நீடிக்காது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் எங்கள் வீடே இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை பௌர்ணமி, போயா தினம். நூலகத்துக்கு விடுமுறை. நானும் சிற்றூழியர் சுரேந்திரன் அண்ணனும் மட்டும் போனோம். மேசையையே தூக்கி ஸ்டோரில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வெளியே அடைமழை. ஜன்னல்களில் மூடுபனி. மூன்று மணிக்குக் கரண்டும் போய்விட்டது.

மேசையில் கை வைத்ததும் அண்ணனின் முகம் மாறியது.

"இது இங்கயே கெடக்கட்டுமே, தங்கச்சி" என்றார்.

நான் கேட்கவில்லை. இருவருமாகப் படியிறக்கினோம். வாசலைத் தாண்டும்போது...

டிங்.

சிவப்பு எரிந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கரண்ட் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பட்டரியும் கிடையாது.

ஈரத்தில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணன் மேசையை ஸ்டோருக்கு இழுத்துப் போனார். நான் பையை எடுக்க மறுபடி மேலே ஏறினேன். மணி மூன்று இருபது.

மூலைக்குப் போய் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. அப்பாடா என்றிருந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மண்டபத்தின் நடுவில் அதே வாடை.

இடம் மாறியிருந்தது.

சர்ர்ர்... யாரோ உட்காரக் கதிரையை இழுக்கும் சத்தம். பார்த்தேன். எல்லாக் கதிரைகளும் அசையாமல் இருந்தன.

நடந்தேன். வாடையும் கூட வந்தது. நின்றேன். அதுவும் நின்றது.

என் பிடரிக்குப் பின்னால்... யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அழுகை.

அடக்கி அடக்கி அழும் அழுகை...

முருகா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நானும் ரப்பர் தோட்டந்தாங்க... வாங்க, எங்கூடவே இருந்துக்குங்க."

அழுகை நின்றது.

மழை மட்டும் கேட்டது.

பிறகு, கீழே...

டிங்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பெட்டியில் பச்சை முகம் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் குழு வந்தது. மேல்மாடியில் துளி வாடை இல்லை. என் ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். அன்று கென்டீனில் வைத்துத்தான் சுரேந்திரன் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் கலைச்செல்வி என்று ஒரு மாணவி இருந்தாளாம். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய் அம்மாவோடு பால் வெட்டிவிட்டு, திங்கட்கிழமை விடிய பஸ் பிடித்து நேரே நூலகத்துக்கு வருவாளாம். பக்கத்தில் உட்கார முடியவில்லை, நாறுகிறது என்று மற்றவர்கள் கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டார்கள். நூலகமும் குறையைத் தீர்த்தது. அவளுக்கென்று மூலையில் ஒரு தனி மேசை.

"அங்க கொண்டுபோய் போட்டதே நாந்தான்" என்றார் அண்ணன். "அந்தப் புள்ள அதுல உக்காரவே இல்ல. பக்கத்துல நின்னு பாத்துட்டு, அழுதுகிட்டே போயிருச்சு."

அந்த வார இறுதியில் அடித்த காற்றில், பால் வெட்டிக்கொண்டிருந்த மரமே அவள் மேல் சாய்ந்து, அங்கேயே உயிர் போய்விட்டதாம்.

என்ன பாவம் செய்தாள் அந்தப் பெண்? அன்றே அந்த மேசையை ஸ்டோரிலிருந்து எடுத்து, மண்டபத்தின் நடுவில் மற்ற மேசைகளோடு சேர்த்துப் போடச் சொன்னேன். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன மாதம், ஒரு திங்கட்கிழமை. ஆஸிக் என்ற முதலாம் வருட மாணவன் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தான். வழக்கம்போல, நூலகத்தில் என்ன குறை என்று கேட்டேன். எல்லாம் நல்லம் என்றான். போகத் திரும்பியவன் நின்றான்.

"ஒண்டு மட்டும், மிஸ். ஒங்களுக்குப் பக்கத்துல எப்பயும் நிண்டுட்டே ஈக்கிற அந்த அக்காக்கும் ஒரு கதிர போட ஏலாதா?"

கவுண்டரில் நான் மட்டும்தான் வேலை செய்கிறேன்.

கதிரை போட்டுவிட்டேன். திங்கட்கிழமைகளில் அதில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை.