ஆணியில்லாத நாற்காலி

சித்திரபுரத்துக்கு மேலே, எங்கள் எஸ்டேட் பங்களாவில் ஒரு சீன நாற்காலி இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் கப்பலேறி வந்ததாம். முதுகையும் கைகளையும் ஒரே வளைவாகச் சுற்றிவரும் கருஞ்சிவப்பு மரம். ஓர் ஆணி கிடையாது, பசை கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்தில் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வார்கள். உட்காரக் கூடாது. துடைக்கலாம், துடைப்பது என் அம்மா. மூச்சிழுப்புக்காரியான அவளுக்கு மழையில் நனையாத வேலை அந்த எஸ்டேட்டில் அது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் வளைவின் இணைப்புக்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்கு அம்மா இப்போதைய மேனேஜர் துரைக்குத் தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இணைப்பின் நடுவே சுண்டுவிரல் நீளத்தில், மேலே தடித்துக் கீழே மெலிந்த ஒரு மரமுளை. அடியிலிருந்து கட்டைவிரலால் தள்ளினால் வெளியே வரும். வளைவு இரண்டாகப் பிரியும். துடைத்து மறுபடி பூட்டினால் கோடுகூடத் தெரியாது. பூட்டியதும் தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் பரீட்சை மார்க்கை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

நாலாம் வகுப்பு லீவில் துரையின் மகளிடம் பீற்றிக்கொள்ள ஆசை வந்தது எனக்கு. கழற்றிக் காட்டினேன். மாட்டும்போது, எந்தப் பக்கம் தடிப்பு என்று பாராமல் முளையை அடிப்பக்கத்துச் சின்னத் துளை வழியாகச் செருகி, கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லால் ஓங்கிப் போட்டேன். முளை பிளந்தது. "நான் ஒண்ணும் பாக்கல" என்று அவள் ஓடிவிட்டாள்.

துரையும் அம்மாவும் வந்தார்கள். அம்மா என் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

"தொடைக்கையில நாந்தான் சாச்சுப்புட்டேன், தொரே."

"இது எப்படிக் கழண்டுச்சு?"

"எனக்கென்ன தெரியும்? சீனாக்காரன் செஞ்சதாச்சே."

புது முளை சீவ அவளுக்கு அரைமணி போதும். ஆனால் தெரியும் என்றால், இத்தனை நாளும் கழற்றினாயா என்று கேள்வி வரும். வேலை போய்விடும்.

சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று துரை உடனே ஆசாரியை வரவழைத்தார். வளைவைப் பிடித்துக்கொள்ள அம்மாவைத்தான் சொன்னார். நாலு ஆணி. ஒவ்வோர் அடிக்கும் அம்மாவின் கண்கள் இறுக மூடித் திறந்தன. சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

எல்லாரும் போனதும், "தப்பிச்சோம்மா" என்றேன். அவள் துணியை எடுத்து, நாலு ஆணித் தலைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வேலையும் போகவில்லை, எனக்கு அடியும் விழவில்லை, பிறகு ஏன் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.