மூன்றாவது வரிசை, இரண்டாவது படம்

திருமங்கலத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் மகனின் ஜெராக்ஸ் கடை. காகிதம் வாங்க அவன் மதுரைச் சிம்மக்கல் போகும் நாட்களில் கடையைப் பார்ப்பது நான். விண்ணப்பப் படிவம் கேட்டு வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் எடுத்து அச்சடித்துக் கொடுப்பேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். தமிழைத் தடங்கலில்லாமல் வாசிப்பேன். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. திரையில் இருந்ததெல்லாம் ஆங்கிலப் பெயர்கள். அதனால் பெயருக்கு மேலிருக்கும் குட்டிப் படங்களை இடம் வைத்தே எடுப்பேன். மூன்றாவது வரிசையில் இரண்டாவது, வருமானச் சான்று. அதற்குக் கீழே ரேஷன் கார்டு. கரண்டு போனாலும் கடுகு டப்பா கைக்கு வருவதில்லையா, அதுபோல.

நான் பெயரை வாசித்துத்தான் எடுக்கிறேன் என்று மகன் நினைத்துக்கொண்டிருந்தான். "எங்கம்மா தானாவே கத்துக்கிருச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு. அதன்பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

ஒருநாள் அவன் திரையைச் சுத்தம் செய்கிறேன் என்று படங்களை மாற்றி அடுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டான். எதிரில் வெளியாள் நின்றாலே எனக்குக் கை பரபரக்கும். அச்சாகி வந்ததைப் பார்க்காமலே நீட்டினேன். ரேஷன் கார்டு படிவம் கேட்டவர் கையில் யார் வீட்டுக் காதணி விழா அழைப்பிதழோ இருந்தது. அவர் நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார்.

"கண்டிப்பா வந்துர்றேன்க்கா. மொய் எம்புட்டு வைக்கணும்?"

மகனிடம் கண் மங்கல் என்று சொல்லிச் சமாளித்தேன். புதுக் கண்ணாடி வந்தது. ஆங்கிலம் வரவில்லை. புது வரிசையில் வருமானச் சான்று மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. மற்றதை மனப்பாடம் செய்ய ஒரு மாதம் ஆயிற்று.

பிறகு கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. மகனின் கூட்டாளி, மெக்கானிக், வேறொரு பிராசஸரோடு வந்தார்.

"போர்டு அதேதான் மாப்ள. பிராசஸர மட்டும் மாத்துறோம், விண்டோஸ் அப்படியே கெடக்கும். ஆனா எம்புட்டு வருசக் குப்பை! அழிச்சுட்டுப் புதுசா போட்டா சும்மா பறக்கும்."

"அப்ப போட்டுரு" என்றான் மகன்.

நான் டீயோடு வாசலில் நின்றிருந்தேன். அழித்தால் என் வரிசை போச்சு. "எதுக்குத் தம்பி அழிக்கணும்?" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னபோது கத்தலாக வந்துவிட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத்தை சொன்னா அப்பீலே இல்ல" என்றார் மெக்கானிக்.

உள்ளே இருந்த ஃபேனைக் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்து, சின்னக் கம்பியைத் தூக்கிப் பழைய பிராசஸரை எடுத்தார். தீப்பெட்டி அளவுதான். புதியதை மூலை பார்த்து உட்காரவைத்து, கடலைப்பருப்பு அளவு புதுப் பசை வைத்து மூடினார். நான் குலசாமியை வேண்டிக்கொண்டேன். இப்படியொரு வேண்டுதலை அது கேட்டிருக்காது.

திரை வந்தது. "பாத்தியா மாப்ள, ஒரு ஃபைலுகூடப் போகல."

உண்மைதான், எதுவும் போகவில்லை. ஆனால் படங்களெல்லாம் பெருத்து, டவுன் பஸ் கூட்டம் போல இடது பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றன. மெக்கானிக் ஏதோ டிரைவர் என்று ஒன்றைப் போட்டார். படங்கள் சிறுத்தன. பழைய இடத்துக்கு மட்டும் திரும்பவில்லை.

"யம்மா, நீயே ஓட்டிப் பாரு. வருமானச் சான்றத் தெற" என்று மகன் நாற்காலியைத் தள்ளினான்.

மூன்றாவது வரிசை, இரண்டாவது. வேறு வழியின்றி அதையே அழுத்தினேன். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. எங்கள் அன்புச் செல்வியின் காதணி விழா.

இனி மறைத்துப் பயனில்லை. "எனக்கு இங்கிலீசு தெரியாதுப்பா. எடம் வச்சுத்தான் எடுப்பேன்" என்றேன், கீபோர்டைப் பார்த்தபடி.

"அப்ப அந்தக் கண்ணாடி?" என்றான் மகன்.

"அதுல நல்லாத்தான் தெரியுது."

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டே ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, ஒரு படத்தின் கீழே தமிழில் அடித்தார்: வருமானச் சான்று.

"இம்புட்டுதானா?" என்றேன்.

"இம்புட்டுதான் அத்தே. வாயத் தொறந்து கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

எல்லாப் பெயர்களையும் தமிழாக்கிவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். நான் ஒவ்வொரு படமாக இழுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டு வாசிப்பதற்குள் வந்தவருக்குப் பஸ் போய்விடும். காதணி விழாவை மட்டும் கடைசி மூலையில் தனியாக ஒதுக்கிவைத்தேன்.