சோடாப் போத்தலில் பட்ட விரல்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டை உடைத்து நகை எடுத்த கள்ளர், அங்கே இருந்த சோடாவையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் போத்தலில் என் புருசனுடைய விரல் ரேகை இருந்தது. பழைய அடிதடி வழக்கொன்றில் பொலிஸ் எடுத்துவைத்திருந்த ரேகையோடு அது பொருந்தியது. பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

அவருக்குக் கொட்டாஞ்சேனைப் பட்டறையொன்றில் சோடா நிரப்பும் வேலை. ஊர்ப் போத்தலெல்லாம் அவர் கை பட்டவைதான். இதை நாங்கள் குடியிருந்த ஜிந்துப்பிட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். "ரேகை பொய் சொல்லாதும்மா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரேகை அவருடையதல்ல என்று நான் எப்போது சொன்னேன்?

கோர்ட்டில் கைரேகை நிபுணர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். எப்போது பட்ட ரேகை என்று எங்களுக்காக வாதாடிய அப்புக்காத்து கேட்டதும், அதைச் சொல்ல முடியாது என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அடுத்துச் சாட்சி சொல்ல வந்த அந்த வீட்டு அம்மா, கடையிலிருந்து வரும் எதையும் கழுவாமல் பாவிக்கமாட்டோம் என்றார். அப்படியானால் பட்டறையில் பட்ட ரேகை அழிந்திருக்கும், இது களவின்போது பட்டதுதான் என்றது பொலிஸ் தரப்பு. எங்களைப் போன்றவர்கள் கை பட்டதைக் கழுவுகிற ஆசாரம் என் புருசனைச் சிறைக்கும் அனுப்பப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

அப்புக்காத்து மறுபடி எழுந்தார். அவர் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்: "போத்தலை எப்ப கழுவுறனீங்கள், அம்மா?"

"குடிக்க எடுக்கேக்கதான். முன்னமே கழுவி வச்சா திரும்பத் தூசி பிடிக்குமெல்லே?"

"அண்டைக்கு?"

"அண்டைக்கு நாங்கள் கோயிலுக்குப் போயிட்டம். கள்ளர்தானே உடைச்சுக் குடிச்சவங்கள். அவங்கள் கழுவிப்போட்டே குடிப்பாங்கள்?"

சபை கொல்லென்று சிரித்தது. மொழிபெயர்ப்பாளர் இங்கிலீஷில் சொன்னபிறகு வெள்ளைக்கார நீதவானும் சிரித்துவிட்டார். அன்றைக்கே விடுதலை. அந்த அம்மாவைக் கும்பிடுவதா, திட்டுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

விடுதலையாகி வெளியே வந்தவர், எதையும் தொடப் பயந்தவர்போல இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஒரு கையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நடுத்தெருவில் புருசன் கையைப் பிடித்து நடந்தது அதுதான் முதல் தடவை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று வீடுவரை விடவேயில்லை.