துரைசானிக்கு எழுதிய பதில்

ஆபீசில் என் இங்கிலீஷுக்கு நல்ல பெயர். மேலதிகாரிகளுக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் எங்கள் பேட்டையான ஒக்கலிபுரத்தில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். எவ்வளவுக்கெவ்வளவு நம்மைத் தாழ்த்தி எழுதுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு காரியம் நடக்கும் என்பது என் அனுபவம். அந்தக் கர்வம் கடைசியில் என் மகளின் தலையில் விடிந்தது.

அவளுக்கு அப்போது எட்டு வயது. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் இங்கிலீஷில் எழுதிய காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியை தன் கைப்பட எழுதியது. துரைசானி என்றுதான் நாங்கள் சொல்வோம். அதில் எழுதியிருந்தது இது: கெட்டிக்காரப் பெண்கள் இருவரைக் கண்டோன்மெண்டில் உள்ள பெரிய பள்ளிக்கு அனுப்பப் போகிறார்கள், ஹைஸ்கூல் முடியும்வரை பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டாம். உங்கள் மகளையும் நினைத்திருக்கிறேன், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை. வீட்டில் தானாக என்ன செய்கிறாள், என்ன கேட்கிறாள்? தயவுசெய்து எழுதுங்கள்.

எழுத விஷயம் இல்லாமலா? யாரும் சொல்லித் தராமல் கடைப் பலகைகளைப் பார்த்தே கன்னடம் படித்தவள். சிட்டி ஸ்டேஷனில் வண்டி ஊதினால் கடிகாரத்தைப் பார்த்து, "மெட்ராஸ் மெயில் இன்னிக்குப் பதினோரு நிமிஷம் லேட்டுப்பா" என்பாள். "நிலா நம்மகூடவே வருதே, அப்போ எதிர்ல போறவங்ககூட யாருப்பா போறது?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

பேனாவை எடுத்ததும் மனைவி மெல்லச் சொன்னாள்: "உள்ளதையெல்லாம் எழுதி வைக்காதீங்க. கண்ணு பட்டா கொழந்தைக்குத்தான் ஆகாது."

எனக்கும் அதே எண்ணம்தான். பெற்ற பிள்ளையை யாராவது புகழ்ந்தால், "எங்கே, சுத்த மக்கு" என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். கேட்டவர் உடனே, "அப்படிச் சொல்லாதீங்க" என்று இன்னும் அழுத்திப் புகழுவார். அதுதான் மரியாதை. ஆகவே இங்கிலீஷில் எழுதினேன்: என் மகள் மந்த புத்தியுள்ளவள், தனித் திறமை எதுவும் இல்லை, தங்கள் கருணை ஒன்றையே நம்பியிருக்கிறோம். திரும்பப் படித்தபோது மிகவும் திருப்தியாக இருந்தது. மடித்து அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து வேறு இரண்டு பெண்கள் பெரிய பள்ளிக்குப் போனார்கள். அரைநாள் லீவு போட்டுக்கொண்டு ஓடினேன். துரைசானி என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அது எங்க வழக்கத்துல ஒரு பேச்சுக்கு எழுதறதுங்கம்மா," என்றேன்.

அவள் பாஷை சொல்லித்தரும் முன்ஷியிடம் கற்ற தமிழில் நிதானமாகப் பேசினாள். "நான் அவளைக் கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் தகப்பன், கூடவே இருக்கிறவர். உங்கள் வார்த்தையை நம்பாமல் யாருடைய வார்த்தையை நம்புவேன்?"

திட்டியிருந்தால்கூடத் தேவலை. போன இடம் போனதுதான்.

சீமைக்காரிக்கு நம் வழக்கம் தெரியவில்லையே என்று வழியெல்லாம் அவள்மேல்தான் கோபப்பட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் மகளைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கோ போய்விட்டது. இரண்டு வாரமாக அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷனில் வண்டி ஊதிற்று. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா ஒரு கடுதாசி தப்பா எழுதிட்டேம்மா," என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ப்பா. அன்னிக்கே போற வழியில படிச்சேன். ஒரு வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் தெரியல, டீச்சரக் கேட்டேன். மக்குன்னு சொன்னாங்க."

அவள் வகுப்பில் இங்கிலீஷ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே படிக்கக் கற்றிருக்கிறாள், எனக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. முழுதாக அவள் படித்த முதல் இங்கிலீஷ் கடிதம் அதுதான்.