எலிகளைச் சேர்த்துவைத்த மச்சினன்

லிஃப்ட் ரிப்பேர் செய்வதுதான் அவருக்குச் சம்பளம் தரும் வேலை. ஆனால் தெருவில் அவரை யாரும் லிஃப்ட்காரர் என்று சொல்வதில்லை, எலிக்காரர்தான். வீட்டுப் பின்னறையில் எலி வளர்த்துச் செல்லப்பிராணிக் கடைக்குக் கொடுக்கிறார். தெரியாத்தனமாக எலியைப் பற்றி விசாரித்துவிட்டால் நீங்கள் வந்த வேலை போச்சு.

அவர் அறையில் ஒழுக்கம் கொடிகட்டிப் பறக்கும். பெண் எலிகளுக்கு ஒரு கூண்டு, ஆண்களுக்கு எதிர்மூலையில் ஒன்று. சினை எலிக்குக் கண்ணாடித் தொட்டி. கம்பிக் கூண்டென்றால் குட்டி இடுக்கில் நழுவிவிடும். குட்டியைத் தொடுமுன் தாயின் படுக்கைக் காகிதத்தைக் கையில் தேய்த்துக்கொள்வார். வேற்று வாசனை பட்டால் தாய் மிரண்டுபோய்க் குட்டியையே கடித்துவிடுமாம். சொந்த மகள் பிறந்தபோது மட்டும் நர்ஸ் கத்திய பிறகுதான் கை கழுவினார் என்பதை அவர் மனைவி இன்றுவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த அம்மாள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. “உள்ள என்னமோ பண்ணிக்கங்க. ஒரு எலி இந்தப் பின்னறையைத் தாண்டி வந்துச்சு, அத்தனையும் அன்னைக்கே வெளிய போயிடும்.” சொன்னால் செய்கிறவள்.

முன்னறையில் அவளுடைய தம்பி இருந்தார். பொண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் தங்க வந்தவர். அந்த இரண்டு நாள் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, தன் வீட்டுக்குப் போகிற வழியைத் தவிர.

எலிக்காரர் ஒரு வாரம் வெளியூரில் லிஃப்ட் பொருத்தப் போக வேண்டி வந்தது. வேறு வழியில்லாமல் மச்சினனிடம் தீனியும் தண்ணீரும் வைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் ஆண் கூண்டு காலி. பெண் கூண்டில் கல்யாண வீட்டுக் கூட்டம்.

“பாவம் மாமா, குடும்பத்தைப் பிரிச்சு வச்சிருந்தீங்க. மனசு கேக்கல, சேத்து வச்சுட்டேன்,” என்றார் மச்சினன், புண்ணியம் செய்தவர் முகத்தோடு.

எலிக்காரர் மனைவியிடம் மூச்சு விடவில்லை. அவசரமாகப் பிரித்து வைத்தார். எலிகள் அதற்குள் தங்கள் அவசரத்தை முடித்திருந்தன. மூன்று வாரத்தில் பிள்ளைப்பேறு தொடங்கியது. தொட்டி நிறைந்தது, வாளி நிறைந்தது, அட்டைப்பெட்டி, பழைய சூட்கேஸ் எல்லாம் நிறைந்தன. கடைசியாகக் குட்டி போட்ட கருந்தலைச்சிக்கு இடமே இல்லை. அவர் செல்லம் அவள்தான். மனைவி துணி ஊறவைக்கும் டப்பில் அவளைக் குட்டிகளோடு வைத்து, பின்னறைக்கு வெளியே நடையில் ஓரமாக விட்டார்.

காலையில் மனைவி அழுக்குத் துணியோடு வந்து நின்றாள்.

எலிக்காரர் ஓடி வந்தார். இப்போது கூண்டோடு தூக்கிப் போட்டால் தாய்கள் மிரளும், ஒரு குட்டி மிஞ்சாது. “பச்சப்புள்ளைங்கம்மா,” என்றார். கண் கலங்கிவிட்டது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். ரோமமில்லாத குட்டி வயிறுகளில், மெல்லிய தோலுக்கு உள்ளே, குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இத்தனை எப்படி ஆச்சு?”

“நான்தான்கா,” என்று முந்திக்கொண்டார் தம்பி. “குடும்பத்தைப் பிரிக்கலாமா, நீயே சொல்லு?”

“கூடாதுடா. ரொம்பத் தப்பு,” என்றாள் அக்கா. “மூட்டையக் கட்டு. உன் பொண்டாட்டி அங்க தனியாக் கெடக்கா.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “இன்னையிலேர்ந்து முன்னறையும் பின்னறைதான். டப்பைக் காலி பண்ணுங்க, துணி ஊறவைக்கணும்.”

“அக்கா, இத்தனை நாள் கழிச்சுப் போனா அவ என்னைக் கடிச்சுக் குதறிடுவா!”

அக்கா டப்பிலிருந்து கொஞ்சம் படுக்கைக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, கையில தேச்சுக்கிட்டுப் போ.”