பெண் பார்க்க வரும் நேரத்தில் உடைந்த சுவிட்ச்

இன்று சாயங்காலம் என் தங்கை பத்மாவைப் பெண் பார்க்க மணப்பாறையிலிருந்து பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே நான்கு இடம் தட்டிப்போய்விட்டது.

அவர்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, கூடத்து விளக்கின் சுவிட்ச் உடைந்து என் கையோடு வந்துவிட்டது. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு மின்சாரம் வந்தே ஒரு வருஷந்தான். வயரிங் செய்தவர் ஊரில் இல்லை.

கடைக்கு ஓடிப் புதிய சுவிட்ச் வாங்கிவந்தேன். மெயினை அணைத்துவிட்டு மாட்டினேன். விளக்கு எரியவில்லை. மறுபடி கழற்றி மாட்டினேன். அப்போதும் எரியவில்லை.

"அவா வர நேரமாச்சேடா!" என்று அப்பா அழாத குறையாகச் சொன்னார்.

பத்மா பட்டுப்புடவையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"கம்பி நுனி அறுந்திருக்கு அண்ணா. நீ மேலே இருக்கிற ரப்பரைச் சீவாமலே முடுக்கியிருக்கே. மெயினை அணை."

அடுக்களையிலிருந்து கத்தியை எடுத்துவந்து, முக்காலியில் ஏறினாள். ரப்பரைச் சீவிக் கம்பியை முடுக்கினாள். வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. அவர்கள் உள்ளே நுழையும்போது அவள் கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மெயினைப் போட்டேன். விளக்கு எரிந்தது.

பிள்ளையின் அம்மா முக்காலியையே பார்த்தார்.

"இதெல்லாம் யார் கத்துக்கொடுத்தா?"

"யாருமில்லே மாமி. அண்ணா தப்பாப் பண்றதைப் பார்த்துண்டிருந்தேன்."

பிள்ளை சிரித்துவிட்டார். அவர் அம்மா சிரிக்கவில்லை. உட்கார்ந்து காபி குடித்ததும், "போய்க் கடுதாசி போடறோம்" என்று எழுந்துவிட்டார்கள்.

அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். யார் சிரித்தால் கல்யாணம் நடக்கும் என்று அனுபவப்பட்டவர்கள் உடனே எழுதுங்கள்.