லைட் ஹவுஸ் மாப்பிள்ளை

அக்காவைப் பெண் கேட்டு பரவையிலிருந்து வந்த பெரியவர் மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொன்னார். "பையனுக்கு லைட் ஹவுஸ்ல கவர்மெண்டு உத்தியோகம்." அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. டிரான்ஸ்பார்மர்களைக் கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் பவர் ஹவுஸ் என்று பெயர். பவர் ஹவுஸ் தெரிந்தவருக்கு லைட் ஹவுஸ் புரியாதா என்ன? சோழவந்தானில் எங்கள் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் வாங்கிக் கொட்டகையில் போட்டுவிட்டு, கரண்டுக்காகக் காத்திருந்த காலம் அது. வீட்டுக்கே ஒரு கரண்டு மாப்பிள்ளை வருகிறார் என்றதும் அப்பா ஜாதகத்தைக்கூட அரைக்கண்ணால்தான் பார்த்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் நாகமலை புதுக்கோட்டையில் எம்.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. மாப்பிள்ளையின் வேலை உத்தரவு கைக்கு வந்ததும் அப்பா அதை என்னிடம்தான் நீட்டினார்.

"படிச்சுப் பாருப்பா. எல்லாம் சரியா இருக்கா?"

படித்தேன். கலங்கரை விளக்கத்தில் உதவியாளர். ராமேஸ்வரம் பக்கம் ஒரு தீவின் பெயரும் போட்டிருந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்குப்பா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ நல்ல காரணங்களைத் தேடிப் பிடித்தேன். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிருந்தது, இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள் என்பது ஒன்று. அதெல்லாம் பிறகு செய்த ஜோடனை. உண்மை ரொம்பச் சின்னது. நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அக்கா தீவில் குடித்தனம் போனால் லீவுக்கு லீவு போய் இருந்துவிட்டு வரலாம், நண்பர்களிடம் அளக்கலாம் என்று ஒரு நப்பாசை. அவ்வளவுதான் விஷயம். இருபத்தொரு வயதில் ஒருவன் தன் அக்காளின் வாழ்க்கையை இதற்காகவா பணயம் வைப்பான் என்று கேட்டால், வைத்தேன்.

கல்யாணம் முடிந்து அக்கா போனாள். கடுதாசிகளில் 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி எதுவும் இருக்காது. அப்பா ஊரில் பார்ப்பவர்களிடமெல்லாம் மருமகனைப் பற்றிப் பேசித் தீர்த்தார். "நம்ம மாப்ள ஒரு வார்த்தை சொன்னா கரண்டு கம்பம் தானா நடந்து வருமப்பா." நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அக்கா உண்டாகி, ஏழாம் மாசம் பிறந்தது. சோறு கட்டிக்கொண்டு போய் அவளை வளைகாப்புக்கு அழைத்து வர வேண்டும். அம்மா புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக் கொடுத்தாள். அவளுக்குக் காய்ச்சல் விடாததால் அப்பாவும் நானும் மட்டும் கிளம்பினோம். ராமேஸ்வரம் ரயிலில் ஏறி, பாலத்துக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கினோம். டீக்கடையில் அப்பா விசாரித்தார்.

"அண்ணே, இங்க பவர் ஹவுஸு எந்தப் பக்கம்?"

"இங்க பவர் ஹவுஸ் ஏதுங்க?"

நான்தான் மெதுவாக, "லைட் ஹவுஸுன்னு கேளுங்கப்பா" என்றேன். டீக்கடைக்காரர் கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். தூரத்தில், தண்ணீருக்கு நடுவே, ஒரு வெள்ளைக் கோடு நின்றது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். 

ஒன்றரை மணி நேரம் வள்ளத்தில் போனோம். நான் ஆசைப்பட்ட கடல்தான். போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தேன்.

தீவு என்றால் நான் என்னவோ கற்பனை செய்திருந்தேன். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் தாழம்புதர், மீதியெல்லாம் மணல். நடுவில் வெள்ளைக்காரன் காலத்துக் கோபுரம். அதன் காலடியில் ஓடு வேய்ந்த இரண்டு வீடுகள். அக்கா வாசலுக்கு வந்து நின்றாள். வயிறு மட்டும்தான் இருந்தது. கை, கால், முகம் எல்லாம் காய்ந்து போயிருந்தன.

எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதலில் கால் கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பது அவள் வேலை. இங்கே ஆளுக்கொரு சின்ன டம்ளரில் குடிக்கக் கொடுத்தாள். "காலைக் கடல்லயே கழுவிட்டு வாங்கப்பா. குடிதண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வள்ளத்துல வரும்." வாய்க்கால் கரையிலேயே வளர்ந்தவள் அவள். அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

மச்சான் நல்ல மனிதர். எங்களைக் கோபுரத்துக்கு மேலே அழைத்துப் போனார். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றிப் போகும் கல் படிகள். நூறு வருஷத்துக்கு மேல் எத்தனையோ பேர் ஏறி இறங்கி ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருந்தது. உச்சியில் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, அடுக்கடுக்காக. அதைச் சுற்றித் துணித்திரை போட்டிருந்தது.

"பகல்ல மூடியே வச்சிருக்கணும் மாப்ள. வெயில் இது வழியா விழுந்தா தீப்பிடிச்சுரும்" என்றார் என்னிடம். அதன் பித்தளைச் சட்டத்தைத் தான்தான் தினமும் துடைப்பதாகச் சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இது எந்த ஊருக்கு லைட்டு குடுக்குது மாப்ள?"

"ஊருக்கு இல்ல மாமா. கப்பலுக்கு."

"அப்ப கரண்டு?"

"இங்க கரண்டே கிடையாது மாமா. மண்ணெண்ணெய்தான்."

அப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகம் செத்துப்போயிற்று. "பெரியவர் எல்லாத்தையும் சொல்லியிருப்பார்னு நெனச்சேன் மாமா" என்றார். நான் சுற்றுக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்காவது குதித்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

கீழே வந்து அக்காவின் துணிகளை மூட்டை கட்ட உதவினேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நாலாம் மாசம் அவளுக்கு உதிரம் போயிருக்கிறது. கோபுரத்தில் சிவப்புத் துணி கட்டி இரண்டு நாள் காத்திருந்தார்கள். காற்று பலமாக இருந்ததால் எந்த வள்ளமும் வரவில்லை. "தானா நின்னுச்சுடா. நிக்கலைன்னா என்னை இந்த மணல்லதான் பொதைச்சிருப்பாக." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு புடவையை மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த உத்தியோகக் கடுதாசியைப் படிச்சது நீதானடா. உனக்குத் தெரியும்ல?"

 "எனக்கும் தெரியாதுக்கா" என்றேன்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அவனுக்குத் தெரியாதுத்தா. அதுல வெவரமா ஒண்ணும் போடலை. நான்தான் விசாரிக்காம விட்டுட்டேன். மோட்டாருக்குக் கரண்டு வரும்னு பேராசைப்பட்டுட்டேன்."

அக்கா மடித்த புடவையை மூட்டைக்குள் வைத்தாள். "ஒரு மோட்டாருக்காகப்பா?" என்றாள். அதற்குமேல் திரும்பி வரும் வழி முழுக்க அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளத்தில் அப்பா ஒரு முனையில், அவள் ஒரு முனையில். நடுவில் நான், யாரும் பிரிக்காத சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

குழந்தை மதுரையில் நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் மாதம் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு தீவுக்கே திரும்பிப் போனாள். புருஷன் இருக்கிற இடம்தானே. மச்சானுக்குக் கரைக்கு மாற்றல் கிடைக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அப்பாவோடு அவள் சண்டை ஒன்றும் போடவில்லை. விசேஷத்துக்கு வருவாள், சோறு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். 'அப்பா' என்று மட்டும் கூப்பிட மாட்டாள். எண்பதுகளின் கடைசியில் அவர் படுக்கையில் கிடந்தபோதும் கால்மாட்டில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் ஒருமுறை, அறையில் யாரும் இல்லாதபோது, அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவளுக்குப் பொறந்த வீட்டுல ஒருத்தனாவது வேணும்ல" என்றார்.

அப்பா போய் ரொம்ப வருஷமாகிவிட்டது. அக்கா வீட்டுக்குப் போனால் முதல் இலை எனக்குத்தான். பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறுவாள். "இவன் ஒருத்தன்தான் எனக்குன்னு இருக்கான்" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.